உலகை அறிவோம்: குச்சிக்கிழங்கைக் காத்த பெனின் நாடு

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோருக்குக் குச்சிக்கிழங்கை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஏட்டில் மரவள்ளி என்று எழுதுவோம். ஆத்தூர்ச் சந்தையிலும் இராசிபுரத்துக் காட்டிலும் அது குச்சிக்கிழங்குதான். பெருநாள் காலையில் நம் வீடுகளில் மணக்கும் ஜவ்வரிசிப் பாயாசம் இந்தக் கிழங்கின் பிள்ளை. இப்பயிரைக் காப்பதற்காக 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கடுகளவே ஆன குளவிகள் வயலில் விடப்பட்டன. அவற்றின் முன்னோர் வந்த இடம் பெனின்.

பெனினா, அது எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் பாடநூல்களில் ஆப்பிரிக்கா என்றால் எகிப்து வரும், தென்னாப்பிரிக்கா வரும். இடையிலுள்ள ஐம்பது நாடுகளும் ஒரே வண்ணத்தில் ஒரே காடாகத் தோன்றும். ஆகவே இம்முறை அந்நாட்டைச் சற்று நின்று நிதானமாகப் பார்ப்போம்.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு நான் காட்டும் எளிய வழி ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சேலத்தின்மீது விரலை வைத்து, மேலும் கீழும் விலகாமல் நேர் மேற்காக நகர்த்த வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, அரபிக் கடலைக் கடந்து, சோமாலியாவின் கொம்பு முனையைத் தொட்டு, எத்தியோப்பியா, சூடான், சாடு, நைஜீரியா என விரல் செல்லும். நைஜீரியா முடிந்ததும் தட்டுப்படுவது பெனினின் வட எல்லை. நைஜர் ஆற்றங்கரையில் உள்ள மாலன்வில் என்னும் சந்தை நகரும் நம் சேலமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட நாலரை மணி நேரம் பின்தங்கி ஓடும். நாம் மஃரிபுக்கு நிற்கும்போது அங்கே பிற்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

நாட்டின் உருவம் ஒரு சாவியைப் போன்றது என்பர். தெற்கே கினி வளைகுடாவில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமே உடைய ஒடுங்கிய கடற்கரை. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உள்நோக்கி நீண்டு, வடபாதியில் அகன்று நிற்கும். மேற்கே டோகோ, கிழக்கே நைஜீரியா, வடக்கே பர்க்கினா ஃபாசோவும் நைஜரும். பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது. 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஒரு கோடியாக இருந்தது; பின்னர் அது வெகுவாகப் பெருகிவிட்டது. சட்டப்படி தலைநகரம் போர்ட்டோ நோவோ. ஆனால் அரசு நடப்பதும் வாணிகம் நடப்பதும் துறைமுக நகரான கோட்டோனூவில்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். உலக அருங்காட்சியகங்களில் புகழ்பெற்ற 'பெனின் வெண்கலச் சிற்பங்கள்' இந்நாட்டைச் சேர்ந்தவை அல்ல. அவை நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்துக்குரியவை. நாம் பேசும் நாட்டுக்குப் பழைய பெயர் டஹோமி. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1960 ஆகஸ்டு 1 அன்று விடுதலை பெற்றபோதும் அதே பெயர்தான். 1972இல் இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த மத்தியூ கெரெக்கூ, 1975இல் அப்பெயரை மாற்றினார். டஹோமி என்பது தெற்கிலிருந்த ஓர் அரசின் பெயர். அவ்வரசின் படைகளால் துன்புற்ற ஏனைய இனங்களும் அப்பெயரைச் சுமப்பது முறையன்று என்பதே காரணம். எனவே கரையோர வளைகுடாவின் பெயரான 'பெனின்' என்பதை நாட்டுக்குச் சூட்டினர். இதே கெரெக்கூ 1990இல் தேசிய மாநாடு கூடியபோது அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டு, 1991 தேர்தலில் தோற்று, அமைதியாக இறங்கிச் சென்றார். ஆப்பிரிக்க நிலப்பரப்பில் அன்று அது அரிய காட்சி. 1996இல் வாக்குப் பெற்றே மீண்டும் வந்தார் என்பது வேறு கதை.

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை என்றதும் அடர்ந்த மழைக்காடு நினைவுக்கு வரும். பெனினில் அப்படியில்லை. மேற்கே கானாவிலும் கிழக்கே நைஜீரியாவிலும் உள்ள காடுகளுக்கு நடுவே, புல்வெளி நேராகக் கடல்வரை இறங்கிவிடும் இடைவெளி இது. புவியியலார் இதனை டஹோமி இடைவெளி என்பர். தெற்கில் ஆண்டுக்கு இரு மழைப்பருவம், வடக்கில் ஒன்று. மார்கழி, தை மாதங்களில் சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று புழுதியைச் சுமந்து வந்து கதிரவனையே மங்கச் செய்யும். வடமேற்கில் அட்டகோரா என்னும் குன்றுத்தொடர் உண்டு. அதன் உச்சிகள் 700 மீட்டரையும் தொடுவதில்லை. நம் சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கு மேல். ஏற்காட்டுக்குப் பேருந்தில் ஏறியவர் அதை மலை என்று ஒப்புக்கொள்வது ஐயமே!

வேமே என்னும் ஆறு வடக்கிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடி, கடலோரத்தில் நொக்குவே என்னும் ஏரியில் கலக்கிறது. அந்த ஏரியின் நடுவே கன்வியே என்னும் ஊர். வீடுகள், கடைகள், வழிபாட்டிடங்கள் எல்லாம் நீரில் ஊன்றிய மரக்கால்களின்மேல் நிற்கின்றன. காய்கறிக்காரி ஓடத்தில் வருவாள். பிள்ளைகள் ஓடத்தில் பள்ளி செல்வர். ஆண்கள் ஏரியில் மரக்கிளைகளை நெருக்கமாக நட்டு, மீன்கள் அங்கே தங்கிப் பெருகியபின் வலையால் வளைத்துப் பிடிப்பர். சுற்றுலாச் சுவரொட்டிகளில் இவ்வூர் அழகாகத் தெரியும். ஆனால் மக்கள் அழகுக்காக நீருக்குள் போகவில்லை. கரையில் அடிமை வேட்டையாடிய படைகளிடமிருந்து தப்பி ஓடியவர்களின் வழிவந்தோரே இவர்கள். அப்படையினர் தம் சமய நம்பிக்கையின்படி நீரில் இறங்கிப் போரிடுவதில்லை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அந்த வேட்டையின் சந்தை வீதா என்னும் கடற்கரை ஊர். பிரெஞ்சுக்காரர் எழுதுவது ஒன்று, படிப்பது வேறொன்று. படத்தில் இவ்வூரின் பெயரைக் கண்டால் எழுத்தைக் கூட்டிப் படிக்க முயல வேண்டாம். அபோமேயைத் தலைநகராகக் கொண்டிருந்த டஹோமி மன்னர்கள், அண்டை இனத்தாரைச் சிறைபிடித்து, துப்பாக்கிக்கும் மதுவுக்கும் துணிக்கும் ஐரோப்பியக் கப்பல்காரர்களிடம் விற்றனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் இந்த ஒரு கரையிலிருந்து ஏற்றப்பட்டனர் என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். மணற்கரையில் 1990களில் எழுப்பப்பட்ட ஒரு தோரண வாயில் இன்று நிற்கிறது. 'திரும்பா வாயில்' என்பது அதன் பெயர். வாங்கியவனை மட்டும் பழித்து விற்றவனை மறைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அந்நாட்டார் அதைச் செய்யாமல், தம் முன்னோரின் பங்கையும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருப்பது பாராட்டத்தக்கது.

திரும்பா வாயில் என்றாலும் சிலர் திரும்பினர். இது நம் சமுதாயத்தவர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. இக்கரையிலிருந்து பிரேசிலின் பாஹியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டோரில் யொரூபா, ஹவுஸா இனத்து முஸ்லிம்கள் பலர் இருந்தனர். கரும்புத் தோட்டத்திலும் நகரத் தெருவிலும் அடிமைகளாய் உழைத்துக்கொண்டே, மறைவில் அரபு எழுத்தைத் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். 1835 ஜனவரியில், ரமளான் மாதத்தின் கடைசிப் பத்தில், சால்வடோர் நகரில் அவர்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தனர். ஓரிரவுக்குள் எழுச்சி அடக்கப்பட்டது. வீழ்ந்தவர்களின் உடலிலும் வீடுகளிலும் அரபு எழுதிய தாள்கள் கிடைத்தன. அவற்றிற் சில இன்றும் பாஹியாவின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத எஜமானர்கள் பலர் வாழ்ந்த ஊரில், எழுத்தறிந்த அடிமைகள் இருந்திருக்கின்றனர்! அதன்பின் அச்சமுற்ற அரசு பலரை ஆப்பிரிக்காவுக்கே நாடு கடத்தியது. விடுதலை பெற்ற வேறு பலரும் தாமாகவே கப்பலேறினர்.

திரும்பியோரின் வழித்தோன்றல்களை இன்று அகுடா என்பர். அவர்களில் கிறிஸ்தவரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. போர்த்துக்கீசியக் குடும்பப் பெயரைச் சுமந்தபடி தொழுகைக்கு வருவோரை அங்கே காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ட்டோ நோவோவில் எழுந்த பெரிய பள்ளிவாசலின் முகப்பைப் படத்தில் பார்ப்பவர் திகைப்பர். அது பாஹியாவின் தேவாலயத்தை அப்படியே ஒத்திருக்கும். கொத்தனார்கள் கற்ற தொழில் அங்கே, கட்டியது இங்கே.

2013 கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர். கத்தோலிக்கர் அதற்குச் சற்றுக் குறைவு. வோடுன் என்னும் முன்னோர் வழிபாட்டைப் பின்பற்றுவோரும் கணிசமாக உண்டு. ஜனவரி மாதத்தில் அவர்களுக்கென அரசு விடுமுறை உண்டு. ஒரே குடும்பத்தில் மூன்று வழியினரும் இருப்பது அங்கே வியப்பன்று.

தெற்கில் ஃபோன் இனத்தார் மிகுதி. டஹோமி அரசு அவர்களுடையது. பெண்களைக் கொண்டே ஒரு போர்ப்படையை நடத்திய அரசு அது. அதன் மன்னரான பெஹான்சின் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்று, கரீபியத் தீவான மார்ட்டினிக்குக்கு நாடு கடத்தப்பட்டு, 1906இல் அல்ஜீரியாவில் மறைந்தார். அவருடைய அரண்மனையிலிருந்து அள்ளிச் சென்ற பொருள்களில் 26ஐ மட்டும் 2021 நவம்பரில் பிரான்ஸ் திருப்பிக் கொடுத்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

வடக்கே சென்றால் நாடே மாறிவிடும். நிக்கியை மையமாகக் கொண்ட பரிபா இனத்தார் குதிரை வீரர்கள். ரபீவுல் அவ்வல் மாதத்தில் அவர்கள் எடுக்கும் கானி என்னும் திருவிழாவில், அலங்கரித்த குதிரைகள் மன்னர் முன் அணிவகுக்கும். பராகூ, ஜூகூ, கண்டி முதலிய வடபகுதி ஊர்களுக்கு மார்க்கத்தைக் கொண்டு வந்தவை படைகள் அல்ல. கோலாக் கொட்டையும் உப்பும் துணியும் ஏற்றிச் சென்ற வணிகக் கூட்டங்கள். நம் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் கடல் வழியே வந்தது, அவர்களுக்குத் தரை வழியே வந்திருக்கிறது. அவ்வணிகப் பாதைகளில் வழங்கிய டெண்டி மொழி இன்றும் வடபெனின் சந்தைகளின் பொதுமொழி. ஃபுலானியர் மாடு மேய்ப்போர். புல்லைத் தேடி எல்லை கடந்து நடக்கும் அவர்களுக்கும் உழவர்களுக்கும் பயிர்மேய்ச்சல் பற்றி ஓயாத வழக்கு. அட்டகோராக் குன்றடியில் பட்டமரிபா இனத்தார் மண்ணாலேயே ஈரடுக்கு வீடு எழுப்புவர். கீழே கால்நடை, மேலே தானியக் குதிரும் படுக்கையும். பார்வைக்குச் சிறு கோட்டை போலிருக்கும்.

ஊர்ப்புறங்களில் பருத்த அடிமரத்தோடு பொந்தன்புளி மரங்கள் நிற்கும். இராமநாதபுரம் பக்கம் பழைய மரங்கள் சில உண்டு. அரபு வணிகர் கொணர்ந்தவை என்பர். ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுப்பது வடக்கில் பெண்களின் தொழில். பருத்தி நாட்டின் முதன்மை ஏற்றுமதி. முந்திரிக்கொட்டையும் பெருமளவில் விளைகிறது. அதில் ஒரு பகுதி நெடுங்காலம் இந்திய ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்தது. தம் நாட்டிலேயே உடைத்துப் பருப்பாக்கி விற்க வேண்டுமென்று 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டையின் ஏற்றுமதியை அரசு நிறுத்திவிட்டது.

வடகோடியில் பென்ஜாரி, டபிள்யூ என இரு தேசியப் பூங்காக்கள். நைஜர் ஆறு அவ்விடத்தில் அந்த ஆங்கில எழுத்தைப் போல வளைந்து செல்வதால் இரண்டாவதற்கு அப்பெயர். பர்க்கினா ஃபாசோ, நைஜர் நாடுகளின் காடுகளோடு சேர்ந்த இந்த ஒரே தொகுதிதான் மேற்கு ஆப்பிரிக்காவில் யானைக்கும் சிங்கத்துக்கும் எஞ்சியுள்ள பெரும் புகலிடம். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ 400 சிங்கங்களே உள்ளன என்றும், அவற்றில் மிகப் பெரும்பான்மை இங்கேதான் என்றும் மதிப்பிட்டது. எருமை, நீர்யானை, பலவகை மான்கள், விரல்விட்டு எண்ணத்தக்க சிறுத்தைப் புலிகளில் வேறான சீட்டாக்கள் ஆகியனவும் உண்டு. தெற்கே லாமா என்னும் சிறு காட்டில், வேறெங்கும் காண்பதற்கரிய செவ்வயிற்றுக் குரங்கு வாழ்கிறது.

இந்தக் காடுகளுக்குள் வேறொரு துன்பம் புகுந்துள்ளது. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஆயுதக் கூட்டங்கள் அடர்காட்டை மறைவிடமாக்கிக்கொண்டன. 2019 மே மாதம் பென்ஜாரியில் ஒரு வழிகாட்டி கொல்லப்பட்டு, இரு பிரெஞ்சுப் பயணிகள் கடத்தப்பட்டனர். 2022 பிப்ரவரியில் டபிள்யூ பூங்காவில் வனக்காவலர்கள் கொல்லப்பட்டனர். 2025 ஏப்ரலில் 54 இராணுவ வீரர்கள் ஒரே நாளில் உயிரிழந்தனர். கொன்றவர்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொள்கின்றனர். அவர்களால் அஞ்சி ஊரைவிட்டு ஓடும் வடபெனின் மக்களில் பலர் ஐவேளை தொழும் முஸ்லிம்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இனிக் கிழங்குக்கு வருவோம். மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அடிமைக் கப்பல்கள் மனிதர்களை மேற்கே கொண்டுசென்ற அதே கடல் வழியில், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இதைக் கிழக்கே கொண்டு வந்தனர். பெனினில் கிழங்கைத் தோலுரித்து, துருவி, சாக்கில் கட்டி, மேலே கல்லேற்றிச் சில நாள் புளிக்க விட்டு, நீர் வடிந்தபின் அகன்ற சட்டியில் வறுத்துப் பொரபொரப்பான மாவாக்குவர். காரி என்பது அதன் பெயர். கிழங்கில் இயல்பாக உள்ள நச்சுத்தன்மை இந்தத் துருவலிலும் புளிப்பிலும் வறுத்தலிலும் நீங்கிவிடும். தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையிட்டும் உண்பர், குழம்போடும் உண்பர். இப்பக்குவத்தைப் பரப்பியவர்கள் பிரேசிலிலிருந்து திரும்பியோரே என்று சொல்லப்படுவதுண்டு.

நம் பக்கத்துக்கு இது வந்தது கேரளத்தின் வழியாக. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பஞ்சம் தாங்கும் பயிராக இதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943 வாக்கில் சேலத்தார் மரவள்ளி மாவிலிருந்தே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். பின்னர் ஆலைகள் பெருகின. 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பும் தோன்றியது. பெனினில் பசிக்கு உணவு, சேலத்தில் விற்பனைக்குப் பண்டம். வேறுபாடு அவ்வளவே, பயிர் விழுந்தால் குடும்பம் விழும் என்பது இரு இடத்துக்கும் பொது.

அப்படி விழத்தான் செய்தது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் தென் அமெரிக்க மாவுப்பூச்சி ஒன்று காணப்பட்டது. அதில் ஆணே இல்லை. பெண்பூச்சி தானாகவே முட்டையிட்டுப் பெருகும். குருத்து சுருங்கி முடிச்சாகும், இலை உதிரும், கிழங்கு பருக்காது. நாடு நாடாகப் பரவி, சில இடங்களில் விளைச்சலில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை அழித்தது. மருந்தடிக்க ஏழை உழவனிடம் காசு ஏது? நைஜீரியாவின் இபாடானில் தலைமையிடம் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன் வேறு வழி தேடினார். பூச்சி பிறந்த இடத்தில் அதை அடக்கி வைத்திருக்கும் எதிரி ஏதேனும் இருக்க வேண்டுமன்றோ? பராகுவே நாட்டில் அது கிடைத்தது. அனாகைரஸ் லொபேசி என்னும் ஒட்டுண்ணிக் குளவி. இரண்டு மில்லிமீட்டர் நீளமும் இல்லை, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, பூச்சியின் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளிவரும். 1981இல் முதலில் விடப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது நிலைபெற்று மாவுப்பூச்சியை அடக்கியது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. குளவிகளைப் பேணி வளர்க்கும் பணி அந்நிறுவனத்தின் பெனின் நிலையத்தில், கோட்டோனூவை அடுத்துத் தொடர்ந்தது. தாய்லாந்துக்கு 2008இல் அந்த மாவுப்பூச்சி வந்தபோது, மருந்தாகக் குளவி போனதும் அங்கிருந்தே.

இந்தியாவில் அப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவில் நம் வயல்களுக்கும் வந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021இல் பெனினிலிருந்து குளவிகளை வரவழைத்து, தனித்து அடைத்து வைத்து, நம் நாட்டு உயிர்களுக்குத் தீங்கில்லை என்று உறுதி செய்தபின்னரே ஏத்தாப்பூருக்கு அனுப்பியது.

மரவள்ளி பயிரிடும் குடும்பத்தார் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளட்டும். குளவி விட்ட காட்டில் பூச்சிமருந்து தெளித்தால் மாவுப்பூச்சிக்கு முன் குளவிதான் சாகும். மாவுப்பூச்சியோ தன் மெழுகுப் பூச்சுக்குள் பெரும்பாலும் தப்பிவிடும். மற்றொன்று, நடவுக் குச்சி. பூச்சி தானே பறந்து நெடுந்தொலைவு போவதில்லை. அடுத்த ஊரிலிருந்து நாம் வாங்கி வரும் கட்டுக் குச்சியின் கணுக்களில் ஒட்டிக்கொண்டே பெரிதும் பயணம் செய்கிறது. வாங்கும்போது கணுக்களைப் புரட்டிப் பார்த்து, வெள்ளை படிந்த கட்டை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.